கொங்கு நாட்டிலிருந்து கடலுக்கு: முதல் களப்பயிற்சிக்குப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மண்டபத்திலோ பரங்கிப்பேட்டையிலோ ஒரு வாரக் கடல் உயிரியல் களப்பயிற்சி என்றதும், ஏழு நாளும் கடலிலேயே கிடப்போம் என்ற நினைப்பில்தான் பலரும் கிளம்புகிறார்கள். கணக்குப் போட்டால் விஷயம் வேறு. ஒரு நாளில் இரண்டு முறை நீர் வற்றும். அதில் ஒன்று பெரும்பாலும் இருட்டில் போய்விடும். பகல் வற்றத்தில் கரையோரம் உருப்படியாக வேலை செய்ய ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அறிமுக வகுப்பு, பயண அலுப்பு, காற்றடித்துப் படகு எடுக்காத நாள் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது பத்து மணி நேரம் இருக்கலாம். அந்தப் பத்து மணி நேரத்தில் நீச்சல் முகமூடி மாட்டப் பழகுவதும், கணக்கெடுக்கும் சதுரச் சட்டத்துக்குக் கயிறு கட்டுவதுமாக இருந்தால் கடலைப் பார்த்த மாதிரிதான்.

இந்த வேலைகளில் முக்கால்வாசியைக் கோவை, திருப்பூர், ஈரோடு, காங்கேயத்தில் இருந்தபடியே முடித்துவிடலாம். மண்டபத்துக் கடல் 300 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பது அதற்குத் தடையே இல்லை. கீழே சொல்வதெல்லாம் மண்டபத்தை மனதில் வைத்து. லட்சத்தீவு என்றால் கொச்சி வழிப் பயணமும் தீவு நுழைவு அனுமதியும் கூடுதல்; மற்றபடி தயாரிப்பு இதேதான்.

நாள் குறிப்பது

தேதி முடிவு செய்யும் உரிமை உங்களுக்கோ உங்கள் பேராசிரியருக்கோ இருந்தால், முதலில் காற்றைப் பாருங்கள். மண்டபத்துக்கு இரண்டு பக்கமும் கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளை ஓட்டுகிற அதே தென்மேற்குக் காற்றுதான் மே முதல் செப்டம்பர் வரை தென்கடலைக் கொந்தளிக்க வைக்கிறது. அப்போது வடகடல் அமைதி. ஐப்பசி முதல் தை வரை வாடை அடிக்கும்போது நிலைமை தலைகீழ். ஆகவே ஆடி மாதம் போகிறீர்கள் என்றால் பவளப்பாறையைத் தெளிவாகப் பார்க்கலாம் என்ற ஆசையை விட்டுவிட்டு, வடகடல் கடற்புல் படுகைகளில் வேலை வைத்துக்கொள்ளுங்கள். தெளிந்த தென்கடல் வேண்டுமென்றால் பிப்ரவரி, மார்ச் நல்லது.

கோடை விடுமுறையில் போவோருக்கு இன்னொரு சிக்கல். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும். இழுவலையில் வரும் விதவிதமான உயிரினங்களைப் பார்க்கலாம் என்று இறங்குதளத்துக்குப் போனால், நாட்டுப்படகு மீன்கள் மட்டுமே இருக்கும்.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியே பாதி வேலையை முடித்துத் தரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டியும் அடுத்த ஓரிரு நாளிலும் நீர் அதிகம் வற்றும், அதிகம் ஏறும். அஷ்டமி, நவமி வாக்கில் வித்தியாசம் மிகக் குறைவு. மன்னார் வளைகுடாவில் ஏற்ற இறக்கம் நல்ல நாளிலேயே ஒரு மீட்டருக்குள்தான். அஷ்டமியில் போய் நின்றால் பாறை வெளியே தலைகாட்டவே காட்டாது. வற்றும் நேரம் நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். துல்லியமான நேரத்துக்கு அந்த இடத்துக்கான ஓத அட்டவணையை எடுத்து, பயிற்சி நாள் ஒவ்வொன்றுக்கும் பகல் வற்ற நேரத்தைக் குறித்து, அதற்கு ஒரு மணி நேரம் முன்பே தண்ணீரில் இறங்கும்படி திட்டம் போடுங்கள். சாப்பாட்டு நேரத்தை வற்றத்தைப் பார்த்து வையுங்கள். சாப்பாட்டைப் பார்த்து வற்றம் காத்திருக்காது.

காகிதங்கள்: இரண்டு மாதம் முன்பே

மன்னார் வளைகுடாவில் ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. சுற்றியுள்ள பகுதி 1989 முதல் உயிர்க்கோளக் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் தீவில் கால் வைக்க முடியாது. அனுமதியை வழக்கமாகப் பயிற்சி தரும் கடல் ஆய்வு நிலையமோ கல்லூரியோ வாங்கும். உங்கள் பெயர் ஆதாரில் உள்ளபடியே அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். முதலெழுத்து முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் ஒரு மாதிரியும் இருந்தால் சோதனையில் நிற்க வேண்டியிருக்கும். இலங்கை எல்லை பக்கத்திலேயே இருப்பதால் கடற்படை, கடலோரக் காவல்படை, கடலோரக் காவல்துறை என யார் வேண்டுமானாலும் படகை நிறுத்திக் கேட்கலாம். ஆதார் நகல், கல்லூரி அடையாள அட்டை, துறைத்தலைவர் கையொப்பமிட்ட கடிதம் ஆகியவற்றை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுப் படகிலும் கையோடு வைத்திருங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

சேகரிப்பு பற்றி ஒரே விதி: அனுமதியில் எழுதாததைத் தொடக்கூட வேண்டாம். பவளம், கடல் அட்டை, கடற்குதிரை, ஆவுளியா (கடல்பசு), சில சங்கு வகைகள் எல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. செத்துக் கரையொதுங்கிய பவளத்துண்டும் அதில் அடக்கம். அலமாரியில் வைக்க ஒரு துண்டு என்று பையில் போட்டால் வழக்கு.

உடல்நலப் படிவத்தில் ஆஸ்துமா, வலிப்பு, காது சீழ், சர்க்கரை எதையும் மறைக்காதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து வருடம் ஆகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். பாறைக் கீறல் நிச்சயம் வரும். பெண்கள் தங்கள் தேதியைக் கணக்குப் பார்த்து நாப்கின்களை ஊரிலிருந்தே எடுத்துச் செல்வது நல்லது. படகில் கழிப்பறை கிடையாது என்பதையும் சேர்த்துத் திட்டமிடுங்கள்.

வீட்டில் சம்மதம் வாங்குவது தனி வேலை. 'தண்ணியில கண்டம்னு ஜாதகத்துல இருக்குதுங்க' என்று ஒரு அம்மாவாவது சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம். எந்தப் படகில் ஏறினாலும் மிதவைச் சட்டை கட்டாயம், இடுப்பளவுக்கு மேல் போகும் வேலை எதுவும் தனியாக இல்லை என்பதை நிலையத்தின் விதித்தாளைக் காட்டிச் சொன்னால் பெரும்பாலும் சமாதானமாகிவிடுவார்.

கிணற்று நீச்சல் போதுமா?

கொங்குப் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் வாய்க்காலிலும் கற்ற நீச்சல்காரர்கள். குதிப்பார்கள், முங்குவார்கள், பயமே இருக்காது. குறை இரண்டுதான். கிணற்றில் நாலு கை போட்டால் சுவர் வந்துவிடும் என்பதால் நிற்காமல் தூரம் நீந்திப் பழக்கம் இல்லை. தலையைத் தண்ணீருக்கு மேலே தூக்கி நீந்துவதால் கழுத்தும் மூச்சும் சீக்கிரம் சோரும். ஒன்றரை மாதம் முன்பிருந்தே நீச்சல்குளத்தில் வாரம் மூன்று நாள் பழகுங்கள். 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்கவும் முடிந்தால் போதும். வேகம் யாருக்கும் தேவையில்லை. உப்புத் தண்ணீரில் மிதப்பது கிணற்றைவிடச் சுலபம், நீரோட்டம்தான் புதிது. ஓட்டத்தை எதிர்த்து வேலையைத் தொடங்கி, திரும்பும்போது ஓட்டத்தோடு வர வேண்டும். மாற்றிச் செய்தால் களைத்த நேரத்தில் எதிர்நீச்சல் போட வேண்டியிருக்கும்.

முகமூடி வாங்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்தும் விழாமல் நின்றால் அளவு சரி. மீசை அடர்த்தியாக இருந்தால் விளிம்பு ஒட்டாது, தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு விரல்கடை மட்டமாக்கினால் சரியாகும். (மீசையை விட மனமில்லாதவர்கள் வாரம் முழுக்க உப்புத்தண்ணீர் குடிக்கலாம்.) புது முகமூடியின் கண்ணாடியில் ஆலை எண்ணெய்ப் படலம் இருக்கும். உட்பக்கம் வெள்ளைப் பற்பசை தடவி விரலால் ஐந்து நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்தால்தான் புகை படிவது குறையும். கண்ணில் பவர் உள்ளவர்கள் பவர் கண்ணாடி பொருத்திய முகமூடிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சதுரச் சட்டம் செய்வது

கடற்புல், பாசி, பவளம் எதை எண்ணினாலும் 50 செ.மீ. சதுரச் சட்டம்தான் அடிப்படைக் கருவி. நிலையத்தில் இருக்கும், ஆனால் இருபது பேருக்கு நாலு இருக்கும். சொட்டுநீர்க் குழாய் வேலை நடக்காத தோட்டம் நம் பக்கத்தில் குறைவு. மிச்சக் குழாய் கிடைத்தாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, செலவு சொற்பம்.

வேண்டியவை: அரை அங்குல பி.வி.சி. குழாய் இரண்டேகால் மீட்டர், எல்போ 4, பி.வி.சி. பசை சின்ன டப்பா, சிவப்பு அல்லது கறுப்பு நைலான் கயிறு 6 மீட்டர்.

1. குழாயை நான்கு சம துண்டாக, 50 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக வெட்டுங்கள்.
2. பசை போடாமல் எல்போ மாட்டி, உள்பக்கத்திலிருந்து உள்பக்கம் அளவெடுங்கள். உள்ளளவு சரியாக 50 வரும்வரை நான்கு துண்டையும் ஒரே அளவாக அரமெடுங்கள். துண்டை 50 என்று வெட்டி அப்படியே ஒட்டுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. எல்போவுக்குள் போகும் நீளம் கணக்கில் விடுபட்டு, பரப்பளவு மாறிவிடும்.
3. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்திலும் 10, 20, 30, 40 செ.மீ. இடத்தில் கயிறு நுழையும் துளை போடுங்கள். மூலைக்கு அருகே மேல்பக்கமும் அடிப்பக்கமும் 5 மி.மீ. துளை. ஒரே பக்கம் துளையிட்டால் காற்று உள்ளேயே சிக்கிச் சட்டம் மிதக்கும். இரண்டு பக்கமும் இருந்தால் நீர் புகுந்து தானே அமிழும்.
4. தரையில் மட்டமாக வைத்து ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மூலைவிட்டம் இரண்டும் சமமா என்று பாருங்கள்.
5. கயிற்றை நனைத்து இழுத்துக் கட்டுங்கள். காய்ந்த நைலானைக் கட்டினால் கடலில் நெகிழ்ந்து தொங்கும். வெள்ளைக் கயிறு மணலில் கண்ணுக்குத் தெரியாது.

குறுக்கும் நெடுக்கும் நான்கு நான்கு கயிறு, 25 கட்டம். ஒரு கட்டம் 4 சதவீதம். சட்டத்துக்குள் எண்ணியதை நான்கால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான எண்ணிக்கை.

எழுதுபலகைக்கு வெள்ளை பி.வி.சி. சீலிங் பட்டையில் ஏ4 அளவு வெட்டி, 220 எண் உப்புத்தாளால் பளபளப்புப் போகும்வரை தேயுங்கள். 2பி பென்சிலைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் தண்ணீருக்கடியிலும் எழுதும். பேனா எதுவும் ஆகாது. கட்டங்களை நிரந்தர மார்க்கரில் முன்பே வரைந்துகொள்ளுங்கள்.

கொறங்காட்டில் ஒத்திகை

இதைச் செய்யாமல் போகிறவர்களின் தரவு பெரும்பாலும் குப்பைக்குப் போகிறது. புல் எத்தனை சதவீதம் மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிடுவது பழக்கத்தால் மட்டுமே வரும். அதற்குக் கடல் தேவையில்லை. காங்கேயம், தாராபுரம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் திட்டுத்திட்டாக இருக்கும் இடம் போதும். கொறங்காடு இல்லாதவர்களுக்குக் கல்லூரி மைதானம்.

50 மீட்டர் நாடாவை நேராக விரியுங்கள். ஃபைபர் நாடாவாக இருக்கட்டும். இரும்பு நாடா இரண்டு நாள் கடலில் துருப்பிடித்து உள்ளே சுருளாது. பூஜ்யம் முதல் 50 வரை 5 மீட்டருக்கு ஒரு சட்டம் என்றால் 11 சட்டம். 25 மீட்டர் இடைவெளியில் இப்படி மூன்று கோடு, மொத்தம் 33. உலகெங்கும் கடற்புல் கணக்கெடுப்பில் புழங்கும் முறை இது. ஒரே சட்டத்தை மூன்று பேர் தனித்தனியே பார்த்து, ஒருவர் எண்ணை மற்றவருக்குச் சொல்லாமல் எழுத வேண்டும். பிறகு ஒப்பிடுங்கள். முதல் நாளில் ஒருவர் 30 என்பார், மற்றவர் 60 என்பார். 25 கட்டத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கூட்டினால் யார் பக்கம் உண்மை என்று தெரியும். பெரும்பாலும் அதிக சதவீதம் சொன்னவர்தான் தவறியிருப்பார். காரணம், சாய்ந்து நின்று பார்க்கும்போது நெட்டையான தாள்கள் பின்னாலிருக்கும் வெற்று மண்ணை மறைத்துவிடும். நேர் மேலே தலையை வைத்துப் பாருங்கள். மூன்று பேரும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போகும்வரை பழகுங்கள்.

கடலில் இன்னொரு மயக்கம் சேரும். முகமூடி வழியாகப் பார்க்கும் பொருள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கிட்ட இருப்பது போலவும் தோன்றும். நீளம் எதையும் கண்ணால் சொல்லாதீர்கள். அளவுகோலை வைத்து அளங்கள்.

கடற்புல் இனங்களைப் படத்தில் பார்த்து இப்போதே அடையாளம் பழகிவிடுங்கள். சைமோடோசியாவில் ஒரு இனத்தின் இலைநுனி ரம்பப் பல்லாக இருக்கும், இன்னொன்றின் நுனி மழமழவென்று உருண்டிருக்கும். சிரிங்கோடியத்தின் இலை தட்டையாக இல்லாமல் உருளையாக இருக்கும். விரலில் உருட்டினால் உருளும். ஹாலோஃபிலா ஓவாலிஸுக்குச் சின்ன நீள்வட்ட இலை, ஜோடியாக. என்ஹாலஸ் நீண்ட நாடா. அடியில் கறுப்பு நார் மயிர் போல நிற்கும். நுனியை மீன் கடித்திருந்தால் குழம்பிவிடுவீர்கள். அதே செடியின் இளம் இலையைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள்.

உக்கடம் மீன் சந்தை

ஒரு விடியற்காலை உக்கடம் மொத்த மீன் சந்தைக்குப் போய்வருவது பாடப்புத்தகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்ததற்குச் சமம். அயிலையை எடுத்தால் முதுகுப்பக்கமும் வயிற்றுப்பக்கமும் வாலுக்கு முன் ஐந்தைந்து சிறுதுடுப்பு இருக்கும். வஞ்சிரத்தில் எட்டு முதல் பத்து. மத்தியின் வயிற்று விளிம்பில் வாலிலிருந்து தலைப்பக்கமாக விரலை ஓட்டினால் செதில் முள் தட்டும். காரல், சங்கரா, பாறை, நெத்திலி என்று ஆளுக்கு அரைக்கிலோ கலந்து வாங்கி, முழு நீளம், வால் பிளவு வரையான நீளம், வால் தொடங்கும் இடம் வரையான நீளம் மூன்றையும் அளந்து பழகுங்கள். வியாபாரம் சூடாக இருக்கும்போது கேள்வி கேட்டு நிற்காமல், ஏழு மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும் 'ஏனுங்கண்ணா, இது எந்தூரு மீனுங்க?' என்று தொடங்கினால் விவரம் நிறையக் கிடைக்கும். புரட்டாசி விரதம் இருப்போர் இதை ஆவணியிலேயே முடித்துவிடுங்கள். நிலையச் சமையற்கட்டுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பையில் என்ன

துணிக்குத் திருப்பூர் போதும். முழுக்கை பாலியஸ்டர் விளையாட்டுச் சட்டை மூன்று, முழுக்கால் இறுக்க உடை இரண்டு. பருத்திப் பனியன் நனைந்தால் கனக்கும், காயாது, படகுக் காற்றில் குளிரும். சன்ஸ்கிரீனைவிட உடலை மூடும் துணியே மேல். மூக்கு, காது, பின்கழுத்துக்கு மட்டும் ஜிங்க் ஆக்சைடு களிம்பு. காலுக்குப் பழைய கேன்வாஸ் ஷூ, தடித்த நைலான் சாக்ஸ். ஹவாய் செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ளும், தோல் செருப்பு ஒரே நாளில் பாழ்.

செல்போனுக்கு நீர்புகா உறை வாங்கினால், முதலில் உள்ளே டிஷ்யூ தாள் வைத்து வாளியில் அரைமணி நேரம் அமுக்கி வையுங்கள். தாள் ஈரமானால் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். கார் பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் ஒரு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புமானியைப் பூஜ்யத்துக்குச் சரிசெய்ய அது வேண்டும். ஃபார்மலின், ஆல்கஹால் இரண்டையும் ஊரிலிருந்து கொண்டுபோகாதீர்கள். எரியக்கூடியவை, நச்சானவை, பஸ்ஸிலும் ரயிலிலும் அனுமதி இல்லை. நிலையத்தில் கிடைக்கும். அங்கே 95 சதவீத ஆல்கஹாலை 70 ஆக்க வேண்டுமானால், 70 மி.லி. எடுத்து மொத்தம் 95 மி.லி. வரும்வரை வடிநீர் சேருங்கள்.

சிறுவாணித் தண்ணீர் குடித்த வயிறு அந்த ஊர் உவர்நீருக்கு இரண்டாம் நாள் முறுக்கும். கேன் தண்ணீரையே குடியுங்கள்; ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆளுக்கு ஐந்து, ஒரு பொட்டலத்துக்கு ஒரு லிட்டர். படகு நாளில் எண்ணெய்ப் பலகாரம் தொடாமல் இரண்டு இட்லி. படகு குமட்டுபவர்கள் மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, ஊரில் ஒரு நாள் போட்டுப் பார்த்துவிடுங்கள். சிலருக்குத் தூக்கம் தள்ளும். குமட்டிய பின் போட்டால் வாந்தியோடு போய்விடும். கடலை உருண்டை, பருப்புப் பொடி எடுத்துப் போனால் அறைக்கு அறை நட்பு வளரும்.

போய்ச் சேர்வது

கோவையிலிருந்து ராமேஸ்வரத்துக்கு நேரடி ரயில் தினமும் கிடையாது. பஸ் என்றால் சிங்காநல்லூரிலிருந்து மதுரை. அங்கே இறங்குவது ஆரப்பாளையம். ராமேஸ்வரம் பஸ் ஏறுவது மாட்டுத்தாவணி. மூட்டையோடு நகரைக் கடக்க ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். மண்டபம், மண்டபம் முகாம் இரண்டும் தனித்தனி நிறுத்தங்கள். உங்கள் நிலையம் எதில் என்று கேட்டு வையுங்கள். பாம்பன் பாலம் ஏறிவிட்டால் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

தண்ணீரில் இறங்கியபின்

மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடங்கள். மண்ணுக்குள் புதைந்திருக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகும். மேலே மிதித்தால்தான் வால் முள்ளால் அடிக்கும். அடித்துவிட்டால், பொறுக்கும் அளவுக்குச் சூடான, தோல் வெந்துபோகாத நீரில் (45 டிகிரிக்கு மேல் போகாமல்) அரைமணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை வைக்க வேண்டும். வெப்பம் வலியைத் தணிக்கும். பிறகு கட்டாயம் மருத்துவமனை. சொறி (ஜெல்லி மீன்) பட்டால் தேய்க்காதீர்கள், குடிநீர் ஊற்றாதீர்கள். நன்னீர் பட்டதும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் மேலும் வெடிக்கும். கடல்நீராலேயே கழுவி, இழைகளை இடுக்கியால் எடுங்கள். அழகான கூம்புச் சங்கைக் கையில் எடுக்கவே கூடாது. அதன் விஷ ஈட்டி உயிரைக் குடிக்கக்கூடியது. பவளக் கீறல் சின்னதாக இருந்தாலும் அன்றே சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். உள்ளே தங்கும் துணுக்கு சீழ் வைக்கும்.

நிலையத்தில் நல்ல தண்ணீர் அளந்துதான் கிடைக்கும். கருவி கழுவ இரண்டு வாளி: முதல் வாளியில் எல்லாவற்றையும் முக்கி உப்பைக் கரைத்து, இரண்டாவதில் அலசுங்கள். முதல் வாளி உப்புக் கரித்ததும் கொட்டிவிட்டு இரண்டாவதை முதலாவதாக்கிக்கொள்ளலாம். கத்தரி, இடுக்கி மூட்டுகளில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய்.

எழுதுபலகையை அழிக்கும் முன் போட்டோ எடுங்கள். படத்தில் தேதி, இடம், கோடு எண் தெரிய வேண்டும். சாப்பிடப் போகும் முன்பே தரவைக் கணினியில் ஏற்றுங்கள். ஒரு சட்டத்துக்கு ஒரு வரி. புல் இல்லாத சட்டத்துக்குப் பூஜ்யம் போடுங்கள். பார்க்காமல் விட்ட சட்டத்தைக் காலியாக விடுங்கள். இரண்டையும் கலந்துவிட்டால் சராசரி தப்பாகும், ஊருக்கு வந்தபின் திருத்த வழியே இல்லை. இரவில் இரண்டு பேரின் பென்டிரைவில் நகல் இருக்கட்டும். அந்த இரண்டு பேரும் மறுநாள் ஒரே படகில் போக வேண்டாம்.